கிட் காரின் கதவோரம் மழைநீர் உள்ளே வருகிறது: பருமனான பீடிங் போட்டால் நிற்குமா?

நனைந்த இருக்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது இருவர் அமரும் கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார். சதுரக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டகம், அதன்மேல் கண்ணாடியிழை உடல், கழற்றி மாட்டக்கூடிய கடினக் கூரை, ஏற்றி இறக்கும் கண்ணாடியுள்ள கதவுகள் என்பது அதன் அமைப்பு. மழையில் நிறுத்தி வைத்தால் ஓட்டுநர் கால் வைக்கும் பள்ளத்தில் நீர் தேங்கிவிடுகிறது. மழையில் ஓட்டினாலோ, கதவின் மேற்புறப் பின்மூலையிலிருந்து தோளின்மேல் சொட்டுகிறது. கிட்டோடு வந்த பீடிங் (கதவைச் சுற்றி நீரைத் தடுக்கும் ரப்பர் பட்டை) மெல்லியதாகத் தெரிவதால், அதைவிடப் பருமனான குமிழ் (கதவு மூடும்போது நசுங்கும் உருளைப் பகுதி) வைத்த பீடிங்கை வாங்கிப் பொருத்தலாமா என்று யோசிக்கிறேன். இப்படிச் செய்து பார்த்தவர்கள் எந்த அளவில் வாங்கினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ரெசின் கை எழுதியது:

வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. கதவை மூடிய நிலையில் கதவின் உள்விளிம்புக்கும் நிலைக்கும் (கதவு அமரும் சட்டத்துக்கும்) இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது, அது சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா? சிறு சிறு உருண்டைகளாகப் பொம்மைக் களிமண்ணை நிலையில் பல இடங்களில் ஒட்டி, அதன்மேல் மெல்லிய பாலித்தீன் தாளை வைத்து, கதவை லாக் விழும்வரை மூடித் திறந்து, நசுங்கிய உருண்டைகளின் தடிமனை அளந்து எழுதுங்கள். பீடிங்கைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். அந்த எண்கள் வராமல் பீடிங்கின் அளவைச் சொல்வது பாதத்தை அளக்காமல் செருப்பு வாங்குவது போன்றது.

பழைய ஸ்பானர் எழுதியது:

ரெசின் கை சொல்வதை வழிமொழிகிறேன். ஆனால் அதற்கும் முன்னால், நீங்கள் சொல்வது இரண்டு வெவ்வேறு கசிவுகள் என்பதைக் கவனியுங்கள். நின்றிருக்கும்போது பள்ளத்தில் சேரும் நீருக்கும் ஓடும்போது தோளில் விழும் நீருக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே பீடிங்கால் இரண்டையும் தீர்க்கப் பார்த்தால் இரண்டும் தீராமல் போகலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆலையிலிருந்து வரும் எந்தக் காரின் கதவும் உள்ளே நீர் புகாதபடி செய்யப்பட்டதல்ல. கண்ணாடி இறங்கும் இடுக்கின் வெளிப்புறத்தில் உள்ள துடைப்பு ரப்பர் நீரைக் குறைக்குமே தவிர முழுவதுமாகத் தடுக்காது. கண்ணாடியில் வழியும் மழைநீரில் ஒரு பகுதி கதவின் வயிற்றுக்குள் இறங்கத்தான் செய்யும். இறங்கிய நீர் கதவின் அடியில் உள்ள வடிதுளைகள் வழியே தெருவில் விழும். கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பாலித்தீன் திரை, அந்த நீர் இருக்கைப் பக்கம் தெறிக்காமல் காக்கும். கதவு என்பது நீரை வாங்கி வெளியே விடும் ஒரு வடிகால் என்று எண்ணித்தான் அதை வடிவமைக்கிறார்கள்.

கிட் காரில் இந்த இரண்டும் அடிக்கடி விடுபட்டுப்போகின்றன. அச்சிலிருந்து வந்த கண்ணாடியிழைக் கதவில் யாராவது துளை போட்டால்தான் துளை இருக்கும். அட்டையை நேரடியாகத் திருகி முடித்துவிட்டால் திரை இருக்காது. அப்போது கதவின் அடியில் நீர் தேங்கி, உள்பலகையின் கீழ்விளிம்பைத் தாண்டி, பீடிங்குக்கு உள்புறமாகவே வழிந்து பள்ளத்தில் விழும். அந்த நீர் பீடிங்கின் பக்கமே வருவதில்லை. ஆகவே நீங்கள் எவ்வளவு பருமனான குமிழை வாங்கிப் போட்டாலும் அதற்கு ஒரு பயனும் இராது. நல்ல மழைக்குப் பிறகு கதவைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே நீர் அலம்பும் ஓசை கேட்டால் விடை கிடைத்துவிட்டது.

கூண்டுவண்டி எழுதியது:

பள்ளத்தின் அடியில் ஒரு துளை போட்டு ரப்பர் மூடி வைத்துவிடுங்கள். மழை நின்றதும் மூடியைக் கழற்றினால் நீர் போய்விடும். என் வண்டியில் அதுதான் இருக்கிறது. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் என்ற எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரின் வழியில் கட்டிய வண்டி என்னுடையது. அதற்குக் கதவே கிடையாது, பொத்தான் போட்ட பக்கத்திரைதான் உண்டு. இந்த வகை வண்டியில் நனையாமல் போக நினைப்பதே ஆசைக்கு அதிகம்.

பழைய ஸ்பானர் எழுதியது:

கூண்டுவண்டி அவர்களே, உங்கள் வண்டியின் தளம் அலுமினியத் தகடு, மேலே விரிப்பும் இல்லை, அதனால் இது உங்களுக்குச் சரி. கேள்வி கேட்டவரின் வண்டியில் விரிப்பும் அதன் அடியில் கம்பளிப் படுகையும் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் படுகை ஒருமுறை நனைந்தால் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் ஈரமாகவே கிடக்கும்; அதற்கு அடியில் இருப்பது எஃகுக் குழாய். வெளியே துரு தெரியும்போது குழாய் உள்ளேயும் அரித்திருக்கலாம். தளத்தில் மூடியுடன் ஒரு துளை இருப்பது நல்லதுதான், ஆனால் அதைக் கசிவுக்கு மருந்தாகக் கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பள்ளத்து நீரை விரலால் தொட்டு, இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது மழைநீர் அல்ல. ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்). கதவைப் பிரித்து மேய்ந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது எரிச்சலான காரியம்.

ஈரமானி எழுதியது:

நீர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் நுழைகிறது என்று நம்பிவிடாதீர்கள். முன்கண்ணாடிச் சட்டத்தின் அடி, வைப்பர் தண்டு நுழையும் துளை, பக்கக் கண்ணாடியைத் திருகிய இடம், கூரை முன்சட்டத்தோடு சேரும் மூலை ஆகிய எந்த இடத்தில் நுழைந்த நீரும் முன்கண்ணாடித் தூணின் உட்புறமாக இறங்கிக் கதவோரத்தில் வெளிப்படலாம். ஆகவே சோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

முதலில் விரிப்பு, அட்டை எல்லாவற்றையும் கழற்றி உள்ளே முழுவதும் உலர்த்துங்கள். நிலையைச் சுற்றிலும் தளத்திலும் செய்தித்தாளைக் கிழித்து ஒட்டிவிடுங்கள். ஒரு துளி விழுந்தாலும் தாளில் கறை தெரியும். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே அமர்ந்துகொள்ள, மற்றொருவர் ஹோஸ் பைப்பில் நீரைப் பீய்ச்சாமல் மெதுவாக வழியவிட வேண்டும். கீழிருந்துதான் தொடங்க வேண்டும். நிலைப்படியின் மட்டத்தில் சில நிமிடங்கள் விட்டு, உள்ளே ஒன்றும் இல்லையென்றால் ஒரு சாண் மேலே செல்லுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும். எது வழி என்று பிறகு சொல்ல முடியாது. அழுத்த நீர்த் துப்பாக்கியைப் பயன்படுத்தவே வேண்டாம். நல்ல பீடிங்கையும் அது ஊடுருவிவிடும், இல்லாத கசிவைத் தேடி நீங்கள் அலைவீர்கள்.

பீடிங் எங்கே தொடவில்லை என்பதை அறியச் சாக்பீஸ் போதும். பீடிங்கின் முகத்தில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவை ஒருமுறை மூடித் திறந்தால், தொட்ட இடமெல்லாம் கதவில் வெள்ளைக் கோடு விழும். கோடு அறுந்த இடத்தில் பீடிங் தொடவில்லை. தொடுகிறது, ஆனால் எவ்வளவு இறுக்கமாகத் தொடுகிறது என்பதை அறிய, ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடித்து இழுபட வேண்டும்.

ஓடும்போது மட்டும் வரும் கசிவை ஹோஸ் பைப்பால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அதற்குக் காரணம் காற்றழுத்தம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றை முழுவதுமாகத் தடுத்து நிறுத்தினால் உண்டாகும் அழுத்தம் ஏறத்தாழ 470 பாஸ்கல். அது நீரை ஏறத்தாழ 48 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தள்ளக்கூடியது. 50 கிலோமீட்டரில் அது நான்கில் ஒரு பங்காகி 12 மில்லிமீட்டர் அளவில் நிற்கும். கதவின் ஒவ்வொரு இடத்திலும் இந்த முழு அழுத்தம் விழாது என்றாலும், நிற்கும்போது நீரைத் தடுக்கும் சிறிய விளிம்பு ஓடும்போது ஏன் தோற்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டும். கூடவே பக்கக் கண்ணாடிக்கு வெளியே காற்று விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைந்து, கதவின் மேற்பகுதி வெளிப்புறமாக இழுக்கப்படுகிறது. சட்டம் வலுவில்லாத கதவு அந்த இழுப்பில் பீடிங்கை விட்டு விலகும். தோளில் விழும் துளிக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஒருவர் ஓட்ட, மற்றவர் கதவின் மேல்மூலையில் காகிதத் துண்டைச் செருகிப் பிடித்துக்கொண்டு வந்தால், எந்த வேகத்தில் பிடி தளர்கிறது என்பது கையிலேயே தெரியும்.

நனைந்த இருக்கை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

பள்ளத்து நீர் தூய மழைநீர்தான். கதவை ஆட்டியபோது உள்ளே அலம்பும் ஓசை கேட்டது. அட்டையைக் கழற்றினால் திரையும் இல்லை, அடியில் துளையும் இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு நீர்க்கோடு மட்டும் உள்சுவரில் இருந்தது. ஹோஸ் பைப்பை நிலைப்படி மட்டத்திலும் கீல் பக்கத்திலும் வைத்தபோது ஒன்றும் வரவில்லை. கண்ணாடியின்மேல் வழியவிட்டதும் கதவின் உள்பலகை விளிம்பிலிருந்து சொட்டத் தொடங்கியது. பழைய ஸ்பானர் அவர்கள் கணித்தது அப்படியே இருக்கிறது.

களிமண் உருண்டைகளின் அளவு இது: கீல் பக்கம் 7 மில்லிமீட்டர், நிலைப்படியில் 8 முதல் 9, லாக் பக்கம் 9, மேற்புறப் பின்மூலையில் 15. அந்த மூலையில் சாக்பீஸ் கோடு ஒரு கையகலத்துக்கு அறுந்திருக்கிறது. இப்போது பருமனான பீடிங் போடலாமா?

ரெசின் கை எழுதியது:

கூடாது. 15 மில்லிமீட்டரை நிரப்பும் குமிழைச் சுற்றிலும் போட்டால் கீல் பக்கம் 7 மில்லிமீட்டர் இடத்தில் அது நசுங்க இடமில்லாமல் கதவையே வெளியே தள்ளும். கதவை ஓங்கிச் சாத்த வேண்டியிருக்கும், லாக் முதல் பல்லில் மட்டும், அதாவது பாதி மூடிய நிலையில், விழுந்து நிற்கும், மேல்மூலை இன்னும் வெளியே வரும். பருமனான பீடிங் போட்ட பிறகு கசிவு கூடிப்போனதாகச் சொல்பவர்களின் வண்டியில் நடப்பது பெரும்பாலும் இதுவே.

முதலில் இடைவெளியைச் சீராக்குங்கள். பீடிங் இல்லாமலே, ஸ்ட்ரைக்கரை (லாக் பற்றிக்கொள்ளும், நிலையில் உள்ள கொக்கியை) தளர்த்தி உள்பக்கமாக நகர்த்தி லாக் பக்கத்து இடைவெளியை நிலைப்படிக்கு இணையாகக் கொண்டுவாருங்கள். பிறகு கீல்களைப் பாருங்கள். கீழ்க்கீலுக்கு அடியில் மெல்லிய வாஷர்த் தகடு ஒன்றைச் சேர்த்தாலோ மேற்கீலிலிருந்து ஒன்றை எடுத்தாலோ கதவின் சாய்வு மாறும்; அரை மில்லிமீட்டர் மாற்றம்கூட எதிர்மூலையில் பெரிதாகத் தெரியும். கதவுக்குள் எஃகுச் சட்டம் இருந்தால் மேற்பகுதியைச் சற்று உள்பக்கமாக வளைத்தும் பார்க்கலாம். வெறும் கண்ணாடியிழைக் கதவை வளைத்தால் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும், அழுத்தினால் மேல்பூச்சு வெடிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு மூலையில் எஞ்சும் இடைவெளியைக் கதவின் விளிம்பைத் தடிமனாக்கித்தான் குறைக்க வேண்டும். அந்த இடத்தில் கதவின் உள்முகத்தைப் பளபளப்பு போகும்வரை முரட்டு உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்; பளபளப்பின்மேல் ரெசின் (கண்ணாடியிழையை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) ஒட்டாது, பிறகு பொருக்காக உரிந்து வரும். எதிரே நிலையில் அகலமான பிளாஸ்டிக் டேப்பை ஒட்டி அதன்மேல் மெழுகு பூசுங்கள். இழைப்பாயை (நறுக்கிய கண்ணாடியிழைகளால் ஆன பாயை) சிறு துண்டுகளாகக் கிழித்து ரெசினில் நனைத்துக் கதவின் விளிம்பில் அடுக்குங்கள். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் சன்னமாக அமர்ந்துகொள்ளும். நிலையில் உங்களுக்கு வேண்டிய இடைவெளியின் தடிமனுள்ள மரத்துண்டை வைத்து, அதையும் டேப்பால் சுற்றி, கதவை லாக் விழ மூடிவிட்டு, ரெசின் இறுகும்வரை தொடாதீர்கள். திறக்கும்போது விளிம்பு நிலையின் வடிவத்தையே அப்படியே வாங்கியிருக்கும். பட்டி பார்த்துத் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். கண்ணாடியிழைத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பழைய ஸ்பானர் எழுதியது:

கதவு வேலை நடக்கும்போதே வடிதுளையையும் முடித்துவிடுங்கள். கதவு மூடிய நிலையில் அடியில் எது மிகத் தாழ்வான இடம் என்று பார்த்து அங்கே துளையிட வேண்டும். நடுவில் போட்டால் ஒரு முனையில் நீர் தேங்கிக்கொண்டே இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என 8 முதல் 10 மில்லிமீட்டர் அளவில் இரண்டு போதும். துளை பீடிங் தொடும் கோட்டுக்கு வெளிப்புறத்தில் திறக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். உள்புறத்தில் திறந்தால் கதவில் இருந்த நீரை நீங்களே வழிகாட்டி உள்ளே அனுப்புகிறீர்கள். துளையின் வெட்டுமுகத்தில் ரெசின் தடவி மூடுங்கள், இல்லையென்றால் இழை நீரை உறிஞ்சும். சக்கரம் வாரியடிக்கும் நீர் அதே துளை வழியே ஏறாமல் இருக்க, பின்னோக்கித் திறந்த சிறிய மூடாக்கு வைத்தால் நல்லது.

திரைக்குத் தடித்த பாலித்தீன் போதும். அதைச் சுற்றிலும் இறுகாத பியூட்டைல் பசைக்கயிற்றால் ஒட்டுங்கள். பிறகு எப்போதாவது பிரிக்க நேர்ந்தால் அதையே திரும்ப ஒட்டலாம். திரையின் கீழ்விளிம்பைக் கதவின் உள்பலகைக்கு முன்னால் தொங்கவிடாமல், பலகையின் திறப்பு வழியே கதவுக்குள் செருகிவிட வேண்டும். அப்போதுதான் திரையில் வழியும் நீர் மீண்டும் கதவுக்குள்ளேயே விழும். ஓடு வேய்வது போலத்தான்: மேலே இருப்பதன் அடிமுனை எப்போதும் கீழே இருப்பதற்கு வெளிப்புறமாக, அதாவது நீர் போக வேண்டிய பக்கமாக, விழ வேண்டும்.

கூண்டுவண்டி எழுதியது:

அதே ஓடு வேயும் விதி பக்கத்திரைக்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது. என் திரையின் முன்விளிம்பு முன்கண்ணாடித் தூணுக்கு வெளியே இருக்கிறது. வேகம் எடுத்தால் காற்று அதன் அடியில் புகுந்து திரையைத் தூக்குகிறது. அங்கேதான் நீரும் வருகிறது.

ஈரமானி எழுதியது:

ஆம், காற்று வரும் திசையிலும் அதே ஒழுங்கு வேண்டும். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதன்மேல் படிய வேண்டும். தூணில் ஒரு மடிப்பு ரப்பரைத் திருகி, திரையின் முன்விளிம்பை அதற்கு உள்ளே அமர்த்துங்கள். பின்விளிம்பில் கூடுதலாக ஒரு பொத்தான் வைத்தால் வெளியிழுப்பைத் தாங்கும். ஆசைக்கு அதிகம் என்றவர் நீங்கள்தான் என்பதை நினைவூட்டுகிறேன்.

கேள்வி கேட்டவருக்குப் பீடிங் பற்றி: இடைவெளி சுற்றிலும் 7 முதல் 9 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால், 12 மில்லிமீட்டர் அளவிலான குமிழ் சரியாக இருக்கும். குமிழ் தன் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நசுங்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. பாதிக்குமேல் நசுங்கினால் அது விரைவில் உயிரிழந்து தட்டையாகிவிடும். இ.பி.டி.எம். (வெயிலையும் மழையையும் தாங்கும் செயற்கை ரப்பர்) நுரை ரப்பரில், விளிம்பைப் பிடிக்கும் கம்பி வைத்த கவ்வியோடு வருவதைத் தேர்ந்தெடுங்கள். கவ்வி எந்தத் தடிமனைப் பிடிக்கும் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். எஃகு விளிம்புக்கென்று செய்த கவ்வி மெல்லிய தகட்டைத்தான் பிடிக்கும். கையால் வார்த்த கண்ணாடியிழை விளிம்போ ஓரிடத்தில் 2 மில்லிமீட்டரும் இன்னோரிடத்தில் 5 மில்லிமீட்டரும் இருக்கும். தடித்த இடத்தைத் தேய்த்துச் சீராக்காமல் கவ்வியைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால், அது வாய் பிளந்து நிற்கும். நீர் அந்த வாய் வழியே பீடிங்குக்கு அடியில் புகுந்து வரும். கவ்விக்குள் இறுகாத பசையை ஓர் இழையாக விட்டுப் பொருத்துவது அதற்குக் காப்பு.

மூலைகளில் வளைவு கூர்மையாக இருந்தால் குமிழ் மடிந்து குழிவிழும். கவ்வியில் மட்டும் முக்கோண வெட்டுகள் கொடுத்து, குமிழை வெட்டாமல் வளையுங்கள். பீடிங்கை இழுத்து நீட்டி ஒட்டவே கூடாது. அது பிறகு சுருங்கி மூலையை விட்டு விலகும். இணைப்பை நிலைப்படியின் நடுவில் வையுங்கள், மேலே வேண்டாம். ஒரு விரல்கடை கூடுதலாக வெட்டி, இரு முனைகளையும் ஒன்றையொன்று தள்ளும்படி சேர்த்து ஒட்டுங்கள்.

ரெசின் கை எழுதியது:

எஞ்சும் சிறு இடுக்குகளுக்குச் சிலிக்கோன் பசை போதுமே?

பழைய ஸ்பானர் எழுதியது:

காடி வாடை அடிக்கும் சிலிக்கோன் வேண்டாம். அது இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். எஃகுத் திருகும் கீலும் அருகில் இருந்தால் அரிக்கும். அது பட்ட இடத்தில் பின்னால் பெயின்ட்டும் ஒட்டாது, ரெசினும் ஒட்டாது. துடைத்தாலும் எளிதில் போகாது. உடலில் மேலும் வேலை செய்ய வேண்டியிருக்கும் கிட் காரில் அது பெரிய தலைவலி. பாலியூரித்தேன் சீலன்ட் பயன்படுத்துங்கள்.

நனைந்த இருக்கை எழுதியது:

வேலை முடிந்தது. கீலிலும் ஸ்ட்ரைக்கரிலும் சரிசெய்ததில் மேல்மூலை 11 மில்லிமீட்டருக்கு இறங்கியது. மீதியை இழைப்பாய் அடுக்கி 8-க்குக் கொண்டுவந்தேன். 12 மில்லிமீட்டர் குமிழ் போட்டபின் கதவு ஒரே தள்ளலில் இரண்டாவது பல்லில் விழுகிறது. சாக்பீஸ் கோடு அறாமல் சுற்றிலும் வருகிறது. நெடுஞ்சாலை வேகத்திலும் மூலையில் காகிதம் பிடி விடவில்லை. கதவின் அடியில் இரு துளைகளிலிருந்தும் நீர் வெளியே சொட்டுவதைப் பார்க்க முடிகிறது, பள்ளம் உலர்ந்திருக்கிறது.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. கீல் பக்கம், கதவுக்குள் போகும் மின்கம்பிக் குழாயின் அருகே, தூணில் ஒரு ஈரக்கோடு தெரிகிறது. குழாயின் ரப்பர் இரு முனையிலும் இறுக்கமாகவே இருக்கிறது.

ஈரமானி எழுதியது:

கம்பிகள் தூணில் நுழையும் துளை, கதவில் நுழையும் துளையைவிடத் தாழ்வாக இருக்கிறதா? இருந்தால் கதவுக்குள் இறங்கும் நீர் கம்பியின்மேல் ஏறி அப்படியே சரிந்து தூணுக்குள் போகும். ரப்பர் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அதைத் தடுக்காது. கதவுக்குள் நுழைந்ததும் கம்பியைக் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றிக் கட்டுங்கள். நீர் வளைவின் அடியில் சொட்டிக் கதவின் வயிற்றுக்குள்ளேயே விழுந்துவிடும்.

நனைந்த இருக்கை எழுதியது:

தூணில் உள்ள துளை இரண்டு விரற்கடை தாழ்வாகத்தான் இருக்கிறது. வளைவு விட்டுக் கட்டி, ஹோஸ் பைப்பால் பார்த்தேன், கோடு வரவில்லை. பயணி பக்கக் கதவிலும் இதே வரிசையில் தொடங்குகிறேன். அதன் அளவுகளை இங்கேயே எழுதுகிறேன்.